விலைச் சீட்டின் மறுபக்கம்: வாசகர் கேள்வி – பதில்

இணையத்தில் பொருள் வாங்குவது பற்றி மட்டும் இந்த மாதம் எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, நீண்ட கடிதங்களைச் சுருக்கித் தந்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் இருக்கிறது.

காரைக்குடி வாசகி: ஃபேஸ்புக்கில் ஒரு விளம்பரம் அடிக்கடி வருகிறது அம்மா. "அசல் காஞ்சிபுரம் பட்டு, கடையைக் காலி செய்கிறோம், எதை எடுத்தாலும் 999 ரூபாய்" என்கிறார்கள். மகளின் வளைகாப்புக்கு வருகிற நெருங்கிய சொந்தங்களுக்கு இதையே எடுத்துக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஏமாற்று வேலையாக இருக்குமோ?

சந்தேகமே வேண்டாம், ஏமாற்று வேலைதான். விலையே காட்டிக் கொடுக்கிறதே! நான் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் நெடுங்காலம் கொள்முதல் கணக்கு எழுதியவள். நல்ல காஞ்சிப் பட்டு ஒன்றைக் கையில் தூக்கினால் அரைக் கிலோவுக்குக் குறையாது. கச்சாப் பட்டு நூல் கிலோ பல ஆயிரம் ரூபாய். அதற்கு மேல் சாயம், சரிகை, பாவு ஓட்டும் கூலி, உடலையும் கரையையும் கோர்வை போட்டு நெய்கிறவருடைய கூலி. ஒரு புடவை தறியிலிருந்து இறங்கப் பல நாட்கள் ஆகும். நூல் வாங்கிய காசுக்கே 999 ரூபாய் காணாது.

"கடையைக் காலி செய்கிறார்களே, நட்டத்துக்கு விற்கலாமே" என்று தோன்றும். ஜவுளித் தொழிலில் உண்மையாகவே ஒருவர் கடையை மூடினால், அவருடைய பட்டுச் சரக்கு ஃபேஸ்புக் வரை வராது. பக்கத்துக் கடைக்காரரே மொத்தமாக விலை பேசி அள்ளிக்கொண்டு போய்விடுவார்.

அந்த விளம்பரத்தைப் போட்ட பக்கத்துக்குள் போய்ப் பாருங்கள். பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, இதற்கு முன் என்ன பெயரில் இருந்தது என்பதெல்லாம் அதைப் பற்றிய தகவல் பகுதியில் இருக்கும். போன தீபாவளிக்கு ஷூ விற்ற பக்கம் இன்றைக்குப் பட்டு விற்றுக்கொண்டிருக்கும். விளம்பரத்தின் கீழே யாரும் கருத்து எழுத முடியாதபடி அடைத்து வைத்திருந்தால், ஏமாந்தவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகவரி என்ற இடத்தில் வாட்ஸ்அப் எண் மட்டும் இருக்கிறதா? பணத்தை முன்கூட்டியே, அதுவும் ஏதோ ஒரு தனிநபர் பெயருக்கு யு.பி.ஐ.யில் அனுப்பச் சொல்கிறார்களா? அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை, வெளியே வந்துவிடுங்கள்.

இணைய முகவரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை வலமிருந்து இடமாகப் படித்துப் பழகுங்கள். தொடக்கத்தில் வரும் https:// என்பதை விட்டுவிட்டு, அதன் பிறகு வரும் முதல் சாய்வுக் கோட்டுக்கு முன்னால் கடைசியாக இருக்கும் "டாட் காம்" அல்லது "டாட் இன்" எது என்று பார்த்து, அதற்கு ஒட்டி இடப்பக்கம் இருக்கிற பெயரைப் பாருங்கள். அதுதான் கடையின் பெயர். அதற்கும் இடப்பக்கத்தில் எந்தப் பெரிய நிறுவனத்தின் பெயரை வேண்டுமானாலும் யாரும் ஒட்டிக்கொள்ளலாம். பெரிய கடையின் பெயரோடு "ஆஃபர்", "சேல்" என்று கோடு போட்டுச் சேர்த்திருந்தாலும் அது வேறு கடைதான். பூட்டுப் படம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். நீங்கள் அனுப்பும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அது அடையாளம். வாங்கிக்கொள்கிறவன் யோக்கியனா என்பதைப் பூட்டு சொல்லாது.

பட்டு வேண்டுமென்றால் மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் சீட்டு தொங்குகிறதா என்று கேட்டு வாங்குங்கள். 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இணையத்திலும் விற்கிறது. புடவை வந்த பிறகும் சந்தேகம் தீரவில்லையென்றால், முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை உருவி, குறட்டில் பிடித்துக் கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடிந்து போகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறிய பின் மணியாக இறுகிவிடும். சரிகை இல்லாத இழையாகப் பார்த்து எடுங்கள்.

சொந்தங்களுக்குக் கொடுக்க ஆயிரம் ரூபாய்தான் கணக்கு என்றால், பொய்ப் பட்டு எதற்கு? சின்னாளப்பட்டிச் சுங்குடி எடுத்துக் கொடுங்கள். சித்திரை வெயிலில் கட்டிக்கொள்கிறவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

திருப்பூர் வாசகர்: பண்டிகைக் கால இணைய விற்பனையில் 80 சதவீதம் தள்ளுபடி என்கிறார்கள். விலையை அடித்துக் காட்டுகிறார்கள். இது உண்மையான தள்ளுபடியா, கண்கட்டு வித்தையா?

இரண்டும் கலந்திருக்கும். அடித்துக் காட்டுவது பெரும்பாலும் எம்.ஆர்.பி. எனும் அதிகபட்ச சில்லறை விலை. அதற்கு மேல் விற்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதை எவ்வளவு உயர்த்திப் போடலாம் என்பதற்குப் பெரும்பாலான பொருட்களில் வரம்பு இல்லை. மருந்து போன்ற சிலவற்றுக்கே அரசு உச்சவிலை வைத்திருக்கிறது. காதில் மாட்டும் ஹெட்போன், கைக்கடிகாரம், படுக்கை விரிப்பு, பெட்டி போன்ற சரக்குகளில் எம்.ஆர்.பி.யை வானத்துக்கு ஏற்றி வைத்துவிட்டு, அங்கிருந்து இறக்கிக் காட்டுவார்கள். 4,999 ரூபாய் என்று அச்சிட்டு 999-க்கு விற்கிற பொருளை 4,999 கொடுத்து வாங்கியவர் ஒருவரைக் காட்டச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

எங்கள் கடையிலும் நடந்ததுதான். ஆடித் தள்ளுபடிக்கென்றே ஆனி மாதத்தில் தனிச் சரக்கு வந்து இறங்கும். அதற்கென்று விலைச் சீட்டும் தனியாக அச்சாகும். சீட்டு ஒட்டும் பையன்கள் மாடியில் உட்கார்ந்து விடிய விடிய ஒட்டுவார்கள். அதே ஆடியில் உண்மையான தள்ளுபடியும் உண்டு. அளவு உடைந்து போன, அதாவது எல்லா அளவும் இல்லாமல் மிஞ்சிய சட்டைகள், போன வருட நிறங்கள், ஓரம் மங்கிய துண்டுகள். விவரம் தெரிந்தவர்கள் நேராக அந்தக் குவியலுக்குத்தான் போவார்கள். இணையத்திலும் அப்படியே. புதிய மாடல் வந்தவுடன் போன வருட மாடலுக்குக் கொடுக்கிற தள்ளுபடியில் பொய் குறைவு. அந்தத் தொலைக்காட்சியோ மிக்சியோ ஒரு வருடத்தில் கெட்டுப் போய்விடவில்லை.

உண்மையைப் பிரித்தறிய வழி இருக்கிறது. கீப்பா, பைஹட்கே போன்ற சேவைகள் ஒரு பொருளின் பழைய விலைகளைக் கோட்டுப் படமாக வரைந்து காட்டுகின்றன. அதில் அடித்த விலையைத் தேடாதீர்கள். வருடம் முழுக்க அந்தக் கோடு எந்த மட்டத்தில் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். விற்பனை தொடங்குவதற்கு முந்தைய வாரம் ஏறி, விற்பனை நாளில் பழைய மட்டத்துக்கே இறங்கியிருந்தால் தள்ளுபடி எவ்வளவு என்று உங்களுக்கே புரிந்துவிடும். இது எதுவும் வேண்டாமென்றால், வேண்டிய பொருளை இப்போதே கூடையில் போட்டு வைத்து, விலையைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

விலை என்பது கடைசிப் பக்கத்தில், பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே இருக்கிற எண். அதற்கு முன்னால் பார்த்த எண்ணெல்லாம் பேச்சு. அனுப்பும் செலவு, கையாளும் கட்டணம் என்று ஏதேதோ அங்கேதான் முளைக்கும். "வங்கி அட்டைக்கு 10 சதவீதம் தள்ளுபடி" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, "அதிகபட்சம் 1,500 ரூபாய்" என்பதை எறும்பு எழுத்தில் போட்டிருப்பார்கள். 40,000 ரூபாய்ப் பொருளுக்கு அந்தத் தள்ளுபடி நான்கு சதவீதம்கூட வராது.

"இன்னும் இரண்டே இருக்கிறது", "பத்து நிமிடத்தில் முடிகிறது" என்று மிரட்டும் கடிகாரங்களைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். இல்லாத அவசரத்தை இருப்பதாகக் காட்டுவது, கேட்காமலே காப்பீட்டையோ நன்கொடையையோ கூடையில் சேர்ப்பது, வரி, கட்டணங்களைக் கடைசிவரை மறைப்பது போன்ற 13 தந்திரங்களை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. தடை இருந்தும் பல இடங்களில் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நாளைக் காலை அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். மறுபடியும் பத்து நிமிடத்திலிருந்து தொடங்கினால் அது கடிகாரமே இல்லை.

மளிகை வாங்குகிறவர்களுக்கு ஒன்று. பருப்பு, சோப்புத்தூள் எல்லாம் இப்போது 900 கிராம், 850 கிராம் என்று வருகின்றன. பாக்கெட் விலையை விடுங்கள், கிராமுக்கு எவ்வளவு என்பதை ஒப்பிடுங்கள். பெரிய பாக்கெட்டில் கிராம் விலை கூடுதலாக இருப்பதும் உண்டு.

ஓசூர் வாசகர்: 30,000 ரூபாய்க் கைபேசியை வட்டியில்லாத் தவணையில், மாதம் 5,000 வீதம் ஆறு மாதத்தில் தருகிறார்கள். என் மனைவி, "சும்மா யார் கடன் கொடுப்பார்கள்?" என்கிறார். யார் சொல்வது சரி?

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். கடன் அட்டையில் வாங்குகிறீர்கள், வங்கி ஆண்டுக்கு 15 சதவீத வட்டி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5,000 வீதம் ஆறு தவணை என்றால் கடன் தொகை 28,730 ரூபாய்தான், மீதி 1,270 வட்டி. விற்பவர் அந்த 1,270-ஐத் தள்ளுபடியாகக் கழித்துக்கொள்வதால் உங்களுக்கு வட்டி இல்லாததுபோல் தெரிகிறது. ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்கள் தலையில்தான், சுமார் 229 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக 460 ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போகிறது. இது பெரிய தொகை இல்லை, கையில் பணம் இல்லாதவருக்கு இந்தச் செலவு தகும். ஆனால் ஒரே தவணையில் கட்டுகிறவருக்கு வேறு தள்ளுபடி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, அது தவணைக்குக் கிடையாது என்றால், நீங்கள் இழப்பது அந்தத் தொகையையும் சேர்த்துத்தான். ஒரு மாதம் தவணை தவறினால் வட்டி எங்கே போய் நிற்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சேலம் வாசகி: ஐந்து லிட்டர் குக்கர் இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. மாமியார் வேண்டாம் என்கிறார். வாங்கலாமா அக்கா?

மாமியார் பேச்சைக் கேட்பதற்கு முன், ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். வீட்டு பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ். 2347 என்ற தரம் கட்டாயம். முத்திரைக்கு மேலே அந்த எண்ணும், கீழே "சி.எம்./எல்." என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு செயலியில் அந்த உரிம எண்ணைத் தட்டினால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்த உரிமம், இன்னும் செல்லுபடியாகிறதா என்று சொல்லிவிடும். நகை வாங்கும்போது ஹால்மார்க்கில் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடங்களில் இருக்கும் அடையாள எண்ணையும் அதே செயலியில் சோதிக்கலாம்.

பெரிய தளத்தில்தானே வாங்குகிறோம் என்ற தைரியம் குக்கர் விஷயத்தில் வேண்டாம். தரமில்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கும் ஃபிளிப்கார்ட்டுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. விற்ற குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கவும் உத்தரவிட்டது. அந்தத் தளங்களில் விற்பவர் வேறு, தளம் வேறு. பொருளின் பெயருக்குக் கீழே "விற்பவர்" என்று சின்னதாக ஒரு பெயர் இருக்கும். அதை அழுத்தினால் முகவரி வரும். நான் எதை வாங்கினாலும் முதலில் அழுத்துவது அதைத்தான்.

முத்திரை இருந்தால் வாங்குங்கள், மாமியாரிடமும் செயலியைத் திறந்து காட்டுங்கள். படத்தில் முத்திரை தெரியாவிட்டால் அவர் சொல்வதே சரி.

தஞ்சாவூர் வாசகர்: பேரனுக்கு டேப்லெட் கேட்டேன். பெட்டியைப் பிரித்தால் உள்ளே பழைய கால்குலேட்டர். "எடை சரியாக இருந்தது, நீங்களே மாற்றியிருக்கலாம்" என்று திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். 68 வயதில் நான் ஏன் அம்மா திருட வேண்டும்?

உங்கள் கோபம் நியாயமானது ஐயா. கையில் இருப்பதை வைத்து வேலையைத் தொடங்குவோம். பெட்டி, அதன்மேல் ஒட்டிய சீட்டு, உள்ளே சுற்றியிருந்த காகிதம், எதையும் தூக்கிப் போடாதீர்கள். சீட்டில் எடை அச்சிட்டிருந்தால் அதைப் படம் எடுங்கள். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் அந்தப் பெட்டியைக் கால்குலேட்டரோடு வைத்து, அதையும் படம் எடுத்து வையுங்கள். இரண்டும் ஒத்துப்போனால், உங்கள் கைக்கு வரும்போதே உள்ளே இருந்தது அதுதான் என்பதற்கு அது நல்ல சாட்சி.

அடுத்து, வாடிக்கையாளர் சேவையில் பேசுவதை நிறுத்திவிட்டு அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி அப்படி ஒருவர் இருந்தாக வேண்டும், அவருடைய பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விவரித்ததற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. இந்த விதியைக் குறிப்பிட்டு எழுதினாலே பேச்சின் தொனி மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அதே நாளில் 1915-க்கும் பேசுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்பவர்கள் இல்லை, நிறுவனத்திடம் கொண்டுபோய்ப் பேசிப் பார்ப்பவர்கள். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருள் வாங்கி இரண்டு வருடத்துக்குள் போகலாம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் தஞ்சாவூரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனுவைப் பதிவு செய்யவும் முடியும்.

மற்ற வாசகர்களுக்கு: விலை உயர்ந்த பொருள் என்றால், பொட்டலம் கொண்டுவந்தவர் முன்னிலையில் பெட்டியைத் திறந்து பார்த்து வாங்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று முன்பணம் கட்டும் முன்பே பாருங்கள். அது இல்லையென்றால், ஒட்டுச் சீட்டிலிருந்து தொடங்கி, பெட்டியை அறுத்துப் பொருளை வெளியே எடுக்கும் வரை நிறுத்தாமல் ஒரே காணொளியாக எடுங்கள். வெட்டி ஒட்டிய காணொளியை யாரும் ஏற்பதில்லை.

நாகர்கோவில் வாசகி: திருப்பி அனுப்பிய சுடிதாருக்குப் பணம் வரவில்லை. கூகுளில் எண்ணைத் தேடிப் பேசினேன். ஒரு செயலியை இறக்கச் சொன்னார், 10 ரூபாய் மட்டும் அனுப்பிப் பார்க்கச் சொன்னார். கணக்கிலிருந்து 24,000 போய்விட்டது. நேற்று நடந்தது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் கடிதம் மின்னஞ்சலில் வந்ததால் அன்றைக்கே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே 1930-க்கு அழைக்க வேண்டும். சைபர் குற்ற உதவி எண் அது. பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். வெளியே எடுப்பதற்குள் அழைத்தால், நடுவில் நிற்கிற கணக்கை முடக்க வாய்ப்பு இருக்கிறது. அதே கையோடு வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்து, புகார் எண்ணை வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதிப்படி, வங்கி மீதும் உங்கள் மீதும் தவறில்லாமல் மூன்றாம் ஆளால் நடந்த திருட்டை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நட்டம் இல்லை. ஓ.டி.பி.யையோ ரகசிய எண்ணையோ நீங்களே கொடுத்திருந்தால் நிலைமை வேறு. தெரிவிக்கும் வரையிலான இழப்பு உங்களுடையது. அதற்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதனால்தான் முதலில் ஒரு மணி நேரம் அழுதுவிட்டு அழைப்போம் என்று இருக்கக் கூடாது.

அவர் இறக்கச் சொன்னது திரையைப் பகிரும் செயலியாக இருக்கும். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல காரியங்களுக்காக உண்டாக்கப்பட்டவைதான். ஆனால் அதைத் திறந்து, அது காட்டும் எண்ணை எதிராளியிடம் சொன்னால், நீங்கள் தட்டுவது எல்லாம் எதிராளிக்குத் தெரியும். கைபேசியில் இணையத்தைத் துண்டித்து, அதை நீக்கிவிட்டு, வேறு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். சேவை எண்ணை எப்போதும் அந்தக் கடையின் செயலிக்குள்ளிருந்து மட்டும் எடுங்கள். தேடுபொறியில் யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரிலும் எண்ணைப் போட்டு வைக்கலாம். வங்கியின் தளத்தைத் தேடுகிறவர்கள், முகவரி "டாட் பேங்க் டாட் இன்" என்று முடிகிறதா என்று பாருங்கள். இந்திய வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி ஒதுக்கியிருக்கும் முடிவு அது.

பணம் உங்களுக்கு வருவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. ரகசிய எண்ணைக் கேட்கிறது என்றால் பணம் உங்களிடமிருந்து போகிறது. எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

வீட்டில் சொல்லிவிடுங்கள் தங்கச்சி. இதைச் செய்கிறவர்களுக்கு இதுவே முழுநேர வேலை. படித்தவர், அதிகாரி என்று பார்க்காமல் எல்லோரையும் பிடிக்கிறார்கள்.

விருதுநகர் வாசகர்: பொருள் வந்த பிறகு பணம் கொடுத்தால் பாதுகாப்புதானே?

ஓரளவுக்கு. உங்கள் அட்டை விவரம் யாருக்கும் போகாது. ஆனால் பெட்டியைப் பிரிக்க விடாமல் பணத்தை வாங்கிக்கொண்டு போனால் உள்ளே கல் இருந்தாலும் கல்தான். யாரும் கேட்காத பொட்டலத்தைக் கொண்டுவந்து, வீட்டில் இருக்கிற பெரியவரிடம் 600 ரூபாய் வாங்கிக்கொண்டு போவதும் நடக்கிறது. வீட்டில் ஒரு வழக்கம் வையுங்கள்: யார் எதை வாங்கினாலும் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாத பொட்டலத்துக்குப் பணம் கிடையாது.

சிதம்பரம் வாசகி: "உங்கள் தபால் பொட்டலம் வந்துவிட்டது, முகவரி சரியில்லை, 25 ரூபாய் கட்டுங்கள்" என்று இந்தியா போஸ்ட் பெயரில் குறுஞ்செய்தி வந்தது.

தொடாதீர்கள். 25 ரூபாய்க்காக இல்லை, நீங்கள் தட்டப்போகும் அட்டை எண்ணுக்காக வந்த செய்தி அது. பதிவு எண் கொடுத்திருந்தால் இந்தியா போஸ்ட் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். தபால் பொட்டலத்தின் எண் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், பிறகு இரண்டு எழுத்து என்று 13 இடங்கள் கொண்டது. நிறுவனங்கள் அனுப்பும் செய்திகள் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வராது. எழுத்தாலான பெயரில் வரும், கடைசியில் ஒரு கோடு போட்டு ஓர் எழுத்து இருக்கும்: பி (P) என்றால் விளம்பரம், எஸ் (S) என்றால் சேவை, டி (T) என்றால் பரிவர்த்தனை, ஜி (G) என்றால் அரசு. இந்த மோசடிச் செய்தியை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், சக்ஷு என்ற பகுதியில் புகாராகக் கொடுத்துவிடலாம்.

புதுக்கோட்டை வாசகர்: பொட்டலம் கொண்டுவருகிறவர் என்று ஒருவர் பேசி, "வழி தெரியவில்லை, நட்சத்திரக் குறி போட்டு இந்த எண்ணை அழுத்துங்கள், எங்கள் ஆளிடம் இணைப்பு போகும்" என்றார்.

நட்சத்திரக் குறியோடு 21 அல்லது 401 போட்டு அவர் எண்ணை அழுத்தினால், உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அவருக்குத் திரும்பிவிடும். அழைப்பில் சொல்லப்படும் ஓ.டி.பி.யும் சேர்த்து. அழுத்திவிட்டவர்கள் ##002# என்று அழுத்தினால் எல்லாத் திருப்பங்களும் ரத்தாகும். வழி தெரியாதவருக்குத் தெருமுனைப் பிள்ளையார் கோயிலைச் சொல்லுங்கள், போதும்.

கோவை மாணவர்: பழைய கைபேசி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. திருட்டுப் பொருளா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விற்பவர் முன்னாலேயே *#06# அழுத்துங்கள் தம்பி. 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, பிறகு அந்த எண் என்று தட்டி 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். எந்த நிறுவனத்தின் எந்த மாடல், முடக்கப்பட்டதா என்று பதில் வரும். கையில் இருக்கும் மாடல் ஒன்று, பதிலில் வரும் மாடல் வேறு என்றால் பைக்கைத் திருப்புங்கள்.

திண்டுக்கல் வாசகி: நட்சத்திரங்களையும் விமர்சனங்களையும் நம்பலாமா?

ஐந்து நட்சத்திரத்தையும் ஒற்றை நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு, மூன்று கொடுத்தவர்கள் எழுதியதைப் படியுங்கள். நிறையும் குறையும் அவர்கள்தான் சொல்வார்கள். ஒரே வாரத்தில் ஒரே மாதிரி வாக்கியத்தில் குவிந்த பாராட்டு என்றால் காசு கொடுத்து எழுதவைத்தது. விமர்சனம் வேறு பொருளைப் பற்றி இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பொருளின் பக்கத்தில் புதிய பொருளை ஏற்றி, பழைய நட்சத்திரங்களை அப்படியே வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். கைபேசி உறையின் பக்கத்தில் "சுவை அருமை" என்று எழுதியிருந்ததை நானே படித்தேன்.

மயிலாடுதுறை வாசகர்: குளிர்பெட்டி வாங்க வேண்டும். இணையத்தில் 1,800 ரூபாய் குறைவு. ஊர்க் கடைக்காரர் பழக்கமானவர். என்ன செய்யலாம்?

இணைய விலையைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போங்கள். மாடல் எண் கடைசி எழுத்து வரை ஒன்றுதானா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். இணையத்துக்கென்று ஓர் எழுத்து மாற்றி, ஒரு தட்டைக் குறைத்து விற்கும் மாடல்கள் உண்டு. பழையதை எடுத்துக்கொள்வாரா, மாடி ஏற்றித் தருவாரா, மின்னழுத்த நிலைப்படுத்தி (ஸ்டெபிலைசர்) அவரிடமே கிடைக்குமா, இதையெல்லாம் கேட்ட பிறகு விலையைக் காட்டுங்கள். முழு 1,800-ஐ அவர் குறைக்கமாட்டார். ஆயிரம் குறைத்தால் அவரிடமே வாங்குங்கள். ஜி.எஸ்.டி. பில்லில் வரிசை எண்ணை எழுதச் சொல்லுங்கள், உத்தரவாத அட்டையில் அன்றைய தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.